லோடு வேண்டாம் என்று சொல்லும் தெம்பு

பிக்கப் வண்டி வாங்கி ஆர்.வி. டிரெய்லர் இழுக்கும் தொழிலில் இறங்க நினைக்கும் வட அமெரிக்கத் தமிழ் நண்பர்களுக்கு,

உங்களில் பலர் தனித்தனியாகக் கேட்ட கேள்விகள்தான் இந்த மடலுக்குக் காரணம். ஐடி வேலை போய் மாதக்கணக்கில் வீட்டில் இருப்பவர் கேட்கிறார். டொராண்டோ பக்கம் பெரிய லாரி ஓட்டிச் சலித்தவர் கேட்கிறார். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், இனி ஊர் பார்த்துக்கொண்டே சம்பாதிக்கலாமே என்று ஒரு தம்பதி கேட்கிறார்கள். எங்கே சுற்றினாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: "எந்த வண்டி வாங்கலாம் அண்ணா?" முதலில் கேட்கக் கூடாத கேள்வி அது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய டிரெய்லர்களை இங்கே விடுமுறைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். இவைதான் ஆர்.வி. டிரெய்லர்கள். இவற்றில் இரண்டு வகை உண்டு. பிக்கப்பின் பின்பக்கக் குண்டில் மாட்டி இழுப்பது பம்பர் புல். பிக்கப்பின் தொட்டிக்குள் பொருத்திய தட்டில் கழுத்தை வைத்து இழுப்பது ஃபிஃப்த் வீல். இரண்டாவது கனமானது, உயரமானது, விலையும் அதிகம். தொழிற்சாலையில் செய்து முடித்த டிரெய்லரை யாராவது இழுத்துக்கொண்டு போய் டீலரிடம் சேர்க்க வேண்டும். அந்த யாராவதுதான் நாம்.

தொழிலின் தலைநகரம் இண்டியானா மாநிலத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் எல்க்ஹார்ட். சிகாகோவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். கோஷன், மிடில்பரி, நப்பனி, வகரூசா என்று அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால், அமெரிக்காவில் தயாராகும் ஆர்.வி.க்களில் பத்தில் எட்டுக்கு மேல் இந்த வட்டாரத்தில்தான் செய்யப்படுகின்றன. தோர், ஃபாரஸ்ட் ரிவர் என்ற இரண்டு பெரிய ஆர்.வி. கம்பெனிகளுக்கும் தலைமையகம் இங்கேதான். ஃபாரஸ்ட் ரிவரை வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷையர் ஹாத்தவே 2005-இல் வாங்கியது. 1968-இல் மிடில்பரியில் ஒரு பண்ணைக் கொட்டகையில் தொடங்கிய ஜேகோ கம்பெனி 2016-இல் தோர் கைக்குப் போனது. தொழிற்சாலைகளில் ஆமிஷ் என்ற மதப் பிரிவினர் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் கார் ஓட்டுவதில்லை. கிராமச் சாலைகளில் குதிரை வண்டியும் சைக்கிளுமாகப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு நடுவில்தான் 40 அடி டிரெய்லரை வளைத்து எடுக்க வேண்டும். அங்கே அவசரப்படுகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

தொழிற்சாலை நேரடியாக நம்மிடம் லோடு தராது. நடுவில் போக்குவரத்துக் கம்பெனி உண்டு. நம் வண்டியோடு அந்தக் கம்பெனியில் ஒப்பந்த ஓட்டுநராகச் சேர்கிறோம். லோடு ஏறியிருக்கும்போது பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் கம்பெனியுடையது. காலியாக ஓடும்போது நம்முடையது. எந்த லோடு, எந்த ஊர், எவ்வளவு கூலி என்ற பட்டியல் கைபேசியில் வரும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. கூலி மைல் கணக்கில். அதுவும் லோடு ஏற்றிய மைலுக்கு மட்டும்.

எல்லாரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். எல்க்ஹார்ட்டிலிருந்து டென்வர் ஏறத்தாழ 1,100 மைல். கணக்குக்கு வசதியாக மைலுக்கு 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்துக் கூலி 2,200 டாலர். நாலு நாளில் போய்த் திரும்பிவிடலாம். நாலு நாளில் 2,200 என்று கேட்டவுடன் மனம் மாதத்துக்கு எவ்வளவு என்று பெருக்க ஆரம்பித்துவிடும். பெருக்குவதற்கு முன் கழிக்க வேண்டும். லோடோடு போகும்போது டீசல் பிக்கப் கேலனுக்குப் பத்து மைல் கொடுத்தால் நல்லது. காலியாகத் திரும்பும்போது பதினேழு கொடுக்கலாம். போக 110 கேலன், வர 65 கேலன். கேலன் 4 டாலர் என்றால் 700 டாலர் போயிற்று. மீதி 1,500.

இதோடு கணக்கை முடித்துக்கொள்பவர்களைத்தான் மறு வருடம் காண முடிவதில்லை. 75,000 டாலருக்கு வாங்கிய வண்டி 3 லட்சம் மைல் ஓடி ஓய்ந்துவிடும் என்று வைத்தால், ஒவ்வொரு மைலுக்கும் வண்டியின் விலையில் 25 சென்ட் தேய்கிறது. போக வர 2,200 மைலுக்கு 550 டாலர். டயர், எண்ணெய், பிரேக், பேரிங் என்று மைலுக்குப் பத்து சென்ட் போட்டால் இன்னொரு 220. மீதி 730. காப்பீடு, சாப்பாடு, ஒன்றிரண்டு இரவுத் தங்கல், கைபேசி என்று 130 போனால் 600. சொந்தத் தொழில் செய்பவருக்கு வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. எல்லாம் போகக் கையில் நிற்பது 500 டாலர் பக்கம். ஓட்டியது 40 மணி நேரம், மாட்டிக் கழற்றிக் காத்திருந்தது இன்னொரு ஐந்து மணி நேரம். மணிக்கு 11 டாலர்.

பயமுறுத்த இதைப் போடவில்லை. கூலி கூடினால் கணக்கு மாறும், டீசல் இறங்கினால் மாறும், திரும்பும் வழியில் லோடு கிடைத்தால் தலைகீழாகவே மாறும். இதைத் தொழிலாகவே வைத்துக் குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் காலி மைலைக் குறைக்கத் தெரிந்தவர்கள். கூலி பெரிதாகத் தெரிகிறதே என்று மேற்குக் கோடிக்கு ஓட மாட்டார்கள். ஒஹாயோ, மிச்சிகன், பென்சில்வேனியா என்று ஒரே நாளில் போய்த் திரும்பும் லோடுகளை நடுவில் செருகுவார்கள். மேற்கே போனால் அங்கிருந்து பழைய டிரெய்லரோ, ஒரு டீலர் இன்னொரு டீலருக்கு மாற்றும் டிரெய்லரோ கிடைக்குமா என்று புறப்படும் முன்பே விசாரித்து வைத்திருப்பார்கள். லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சில் உட்கார்ந்திருப்பவர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசுவார்கள். லோடு பட்டியலில் ஏறும் முன்பே அவர்களுக்கு அழைப்பு வருவது அதனால்தான்.

கம்பெனி கூலியைக் கணக்கிட்டுத் தரும் செட்டில்மென்ட் தாளில் பெரிதாகத் தெரியும் தொகையில் ஒரு பங்கு நம் வண்டியின் உடம்பு என்பதை நினைவில் வையுங்கள். விதைநெல்லைச் சமைத்துவிட்டு விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது, தேய்மானத்தை எடுத்து வைக்காமல் செலவழிப்பது. தனிக் கணக்கு ஒன்று திறந்து, ஓடிய ஒவ்வொரு மைலுக்கும், காலி மைலையும் சேர்த்து, காசை ஒதுக்குங்கள். அடுத்த வண்டி அதிலிருந்துதான் வர வேண்டும்.

தொழிலின் ஏற்ற இறக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கொரோனா காலத்தில் விமானமும் ஓட்டலும் வேண்டாம் என்று ஜனங்கள் டிரெய்லர் வாங்கக் குவிந்தார்கள். 2021-இல் தொழிற்சாலைகள் 6 லட்சத்துக்கு மேல் ஆர்.வி.க்களை அனுப்பின. அதுதான் உச்சம். 2023-இல் அந்த எண் 3.13 லட்சத்துக்கு இறங்கியது, ஏறக்குறையப் பாதி. 2024-இல் 3.34 லட்சத்தை ஒட்டி வந்தது. 2021-இன் கூலியைப் பார்த்துப் புது வண்டி எடுத்தவர்களுக்கு, இரண்டே வருடத்தில் லோடு பாதியானது, மாதத் தவணை மட்டும் அப்படியே நின்றது. அதற்கு முன்பும் இந்த ஊர் அடிபட்டிருக்கிறது. தொழிற்சாலைகள் அனுப்பும் ஆர்.வி.க்களின் எண்ணிக்கை 2006-இல் 3.9 லட்சமாக இருந்து 2009-இல் 1.66 லட்சத்துக்கு விழுந்தது. வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு எல்க்ஹார்ட்டை நாடே உதாரணம் காட்டியது. பதவியேற்ற சில வாரங்களிலேயே, 2009 பிப்ரவரியில், அதிபர் ஒபாமா நேரில் வந்து போனார். வட்டி ஏறினால், பெட்ரோல் விலை ஏறினால், ஜனங்கள் முதலில் தள்ளிப்போடுவது விடுமுறை டிரெய்லரைத்தான்.

வருடத்துக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. பிப்ரவரி முதல் ஜூன் வரை டீலர்கள் சரக்கைக் குவிப்பார்கள், லோடு நிறைய இருக்கும். ஜூலை 4-ஐ ஒட்டித் தொழிற்சாலைகள் மூடும். நவம்பருக்கு மேல் இளைக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு மறுபடி மூடல். குளிரில் லோடு குறையும்போதுதான் சாலையும் மோசமாக இருக்கும்.

தவணை விஷயத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. 75,000 டாலரை 9 சதவீத வட்டிக்கு ஆறு வருடத்தில் அடைப்பதாக எடுத்தால் மாதம் 1,350 டாலர் கட்ட வேண்டும். அந்தத் தவணை தலைக்கு மேல் தொங்கும்போது எந்த லோடையும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. கூலி கட்டுபடியாகாதது தெரிந்தும் எடுப்போம். டயர் சந்தேகமாக இருந்தும் கிளம்புவோம். காற்று எச்சரிக்கையைப் பார்த்தும் ஓட்டுவோம். நான் கண்ட விபத்துகளில் பலவற்றுக்கு ஓட்டத் தெரியாமை காரணமில்லை. நிற்க முடியாமைதான் காரணம். அதனால்தான் வண்டி எது என்ற கேள்விக்கு முன்னால், லோடு வேண்டாம் என்று சொல்லும் தெம்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறேன். மூன்று மாதக் குடும்பச் செலவு கையில், வண்டி மேல் கடன் இல்லை அல்லது மிகக் குறைவு. தெம்பு என்றால் இவ்வளவுதான்.

இனி உரிமம். இங்கே வதந்தி அதிகம் உலவுகிறது. "பிக்கப்தானே, சாதாரண லைசென்ஸ் போதும்" என்பது பாதி உண்மை. வண்டிக்கும் டிரெய்லருக்கும் தயாரிப்பாளர் குறித்திருக்கும் அதிகபட்ச எடைகளைக் கூட்டினால் 26,001 பவுண்டை எட்டி, டிரெய்லரின் எடை மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால் ஏ வகை சி.டி.எல். (வணிக ஓட்டுநர் உரிமம்) கட்டாயம். உண்மையில் எவ்வளவு எடை இருக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை, தகட்டில் எழுதியிருப்பதும் கணக்கு. பின்னால் நாலு சக்கரம் கொண்ட டூவலிக்குத் தகட்டில் 14,000 என்று இருந்தால், 12,000 பவுண்டு டிரெய்லர் வரைக்கும் சி.டி.எல். இல்லாமல் இழுக்கலாம். 16,000 பவுண்டு ஃபிஃப்த் வீலை இழுக்க முடியாது. நல்ல கூலி அந்தப் பெரிய ஃபிஃப்த் வீலில் இருப்பதால் பலர் பிறகு சி.டி.எல். எடுக்கிறார்கள். 2022 பிப்ரவரி முதல், அதைப் புதிதாக எடுக்க அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

சி.டி.எல். தேவைப்படாத எடையிலும் சட்டம் நம்மை விடுவதில்லை. கூட்டு எடை 10,001 பவுண்டைத் தொட்டு மாநில எல்லையைத் தாண்டி வியாபாரத்துக்கு ஓட்டினால் நாம் வணிக ஓட்டுநர். 21 வயது ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். எட்டு மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். எடை நிலையத்தில் பிக்கப் என்று பார்க்காமல் உள்ளே அழைப்பார்கள். ஒரு சலுகை உண்டு: ஆர்.வி. டிரெய்லரைக் கொண்டு சேர்ப்பவர்கள் ஓட்டும் நேரத்தைப் பதிவுசெய்யும் மின்னணு லாக் கருவி பொருத்த வேண்டியதில்லை, காகித லாக் புக் போதும். காகிதம் என்பதற்காகப் பொய் எழுதாதீர்கள். டீசல் ரசீதிலேயே நேரம் அச்சாகியிருக்கும். 2025 ஜூன் முதல், ஆங்கிலம் பேசவும் சாலைப் பலகையைப் படிக்கவும் முடியாத ஓட்டுநரை அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வந்து சேர்ந்த உறவினரை இந்த வேலைக்குக் கூட்டிவர நினைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

மருத்துவச் சான்றில் நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும். அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால் இரண்டு வருடச் சான்று கிடைக்கும், மேலே போனால் காலம் குறையும். இன்சுலின் போடுபவர்களுக்கு முன்பு கதவு ஏறக்குறைய அடைத்தே இருந்தது. 2018-இல் விதி மாறியது. கட்டுப்பாட்டில் இருப்பதாக மருத்துவர் படிவம் கொடுத்தால் ஒரு வருடச் சான்று கிடைக்கும். மறைக்காதீர்கள், வைத்தியம் பார்த்துக்கொண்டு போங்கள்.

விசா பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் இதைச் செய்யவே முடியாது. வார இறுதியில் மட்டும், மனைவியின் பெயரில் கம்பெனி வைத்து என்றெல்லாம் யோசனை கேட்கிறீர்கள். வண்டி ஓட்டுவது நீங்கள் என்றால் அது அனுமதியில்லாத வேலைதான். வருடக்கணக்காகக் காத்திருக்கும் கிரீன் கார்டை 500 டாலருக்குப் பணயம் வைக்காதீர்கள். கனடாக் குடிமக்களுக்கு வேறு வரம்பு. இண்டியானாவில் ஏற்றிக் கனடாவில் இறக்கலாம், அமெரிக்காவுக்குள்ளேயே ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கக் கூடாது. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்து அண்ணன்மாருக்கு அது பெரிய குறை இல்லை. காலியாக வந்து லோடோடு வீடு திரும்பலாம், சார்னியா பாலம் வழியாக ஒரு நாள் ஓட்டம். சுங்கத் தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாலத்துக்கு வரும் முன்பே சுங்கத் தரகரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒன்டாரியோவில் டிரெய்லர் 4,600 கிலோவைத் தாண்டினால் ஏ வகை உரிமம் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். காகிதமும் கணக்கும் எப்படியும் பழகிவிடும். உயிரையும் காசையும் காப்பது, யார்டில் டிரெய்லரை மாட்டும் அந்த முக்கால் மணி நேரம்.

விடிகாலையில் யார்டுக்குப் போனால் வரிசை வரிசையாக வெள்ளை டிரெய்லர்கள் நிற்கும். நம் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்ததும் உடனே பின்னால் எடுக்காதீர்கள். முதலில் சுற்றி நடங்கள். கைபேசியில் நாலு பக்கமும், நாலு மூலையும், முடிந்தால் கூரையும் படம் எடுங்கள். பனி உறைந்திருந்தால் துடைத்துவிட்டு எடுங்கள், கீறல் பனிக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். கீறலோ நசுங்கலோ இருந்தால் அங்கேயே தாளில் எழுதி, யார்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். யார்டை விட்டு வெளியே வந்த பிறகு தெரியும் கீறல் நம்முடையது, அதன் செலவும் நம் கூலியில் பிடிபடும். முதல் மாதத்திலேயே ஒரு லோடின் முழுக் கூலியையும் இப்படி இழந்து, மறுபடி வராமல் போனவர்களை நான் அறிவேன்.

ஃபிஃப்த் வீல் மாட்டும்போது பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிக்கப்பைப் பின்னால் எடுக்க, டிரெய்லரின் கழுத்திலிருந்து தொங்கும் ஆணி, தொட்டியிலுள்ள தட்டின் பிளவுக்குள் நுழையும். தாடை மூடி 'டக்'கென்று சத்தம் கேட்கும். சத்தத்தை நம்பி இறங்கிவிடக் கூடாது. டிரெய்லர் கொஞ்சம் உயரமாக நின்றிருந்தால், ஆணி தாடைக்குள் முழுதாக இறங்காமல் மேலேயே தொத்திக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். கழுத்துத் தகடும் நம் தட்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. பூட்டுக் கம்பியைச் செருகுங்கள். மின்கம்பியை மாட்டுங்கள், கழன்றால் பிரேக் பிடிக்கும் அவசரக் கம்பியைக் கோத்துவிடுங்கள். பிறகு டிரெய்லரின் கால்களை முழுதாகத் தூக்குமுன், கையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு வண்டியை மெல்ல முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால்தான் கால்களைத் தூக்கலாம். இதைச் செய்யாமல் கிளம்பினால், யார்டைவிட்டுத் திரும்பும் முதல் வளைவிலேயே டிரெய்லர் பிக்கப்பின் தொட்டி மேல் விழும். இரண்டு வண்டியும் ஒரே நொடியில் நாசம்.

அடுத்து சக்கரம். புதுச் சக்கரம் ஓட ஓட அமர்ந்து நட்டு தளரும். எல்லா டிரெய்லர் கையேட்டிலும் இது எழுதியிருக்கும், படிப்பவர் குறைவு. கிளம்பும்போது டார்க் ரெஞ்சால் ஒருமுறை, 50 மைலுக்குள் நிறுத்தி இன்னொரு முறை முடுக்குங்கள். டயர்க் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். டீசல் போட நிறுத்தும்போதெல்லாம் சக்கர மையத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. கதவு, படிக்கட்டு, கூரை ஜன்னல், மடக்கு நிழற்கூரை எல்லாம் பூட்டியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சுற்று. நெடுஞ்சாலை வேகத்தில் நிழற்கூரை விரிந்தால் டிரெய்லரின் பக்கச் சுவரையே பிய்த்துக்கொண்டு போகும்.

சாலையில் பெரிய எதிரி காற்று. உள்ளே சரக்கில்லாத டிரெய்லர், பெரிய சுவர், லேசான உடம்பு. வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில் 80-ஆம் எண் நெடுஞ்சாலையில், எல்க் மவுண்டன் பக்கம் அடிக்கும் காற்று பெரிய லாரிகளையே சாய்க்கும். லேசான உயர வண்டிகளுக்குத் தடை என்று மின்பலகையில் வரும். அந்தத் தடை நம்மைத்தான் சொல்கிறது. அந்தப் பலகையைப் பார்த்தால் நிறுத்துங்கள், இரவு தங்குங்கள், டீலருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதத்துக்கு யாரும் உங்களைத் தூக்கிலிடப் போவதில்லை. டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துங்கள். வெட்டவெளியில் ஒருமுறை பழகிப் பார்த்துவிட்டுத்தான் முதல் லோடு எடுக்க வேண்டும்.

உயரமும் கவனம். பெரிய ஃபிஃப்த் வீல் 13 அடி 6 அங்குலத்தைத் தொடும். நியூயார்க், கனெக்டிகட் பக்கத்துப் பார்க்வேக்களில் பழைய தாழ்வான பாலங்கள் இருப்பதால் நமக்கு அனுமதியே இல்லை. சாதாரண வரைபடச் செயலி அதையெல்லாம் யோசிக்காமல் உள்ளே தள்ளிவிடும். வட கரோலினாவில் டர்ஹம் நகரத்து ரயில் பாலம் வண்டிகளின் கூரையை உரித்தே பேர்பெற்றது. 2019-இல் எட்டு அங்குலம் உயர்த்தியும் 12 அடி 4 அங்குலம்தான். உயரம் தெரிந்து வழி சொல்லும் லாரிச் செயலிக்குக் காசு கொடுங்கள். கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துப் போனால் 55 மைல்தான் வேகம், மற்ற கார்கள் பறப்பதைப் பார்த்து மிதிக்காதீர்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் மெத்தை போட்ட படுக்கையறை வரும், அதில் படுக்கக் கூடாது. டீலருக்குப் போகும் புதுச் சரக்கு அது. பிக்கப்பின் பின்சீட்டில் பலகை போட்டுப் படுப்பவர்கள் அதிகம். முதுகு தாங்காதவர்கள் விடுதி எடுக்கிறார்கள். விடுதிச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று அரைத் தூக்கத்தில் ஓட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். குடும்பத்தோடும் முன்கூட்டியே பேசுங்கள். வாரத்தில் நாலைந்து இரவு வெளியே, பொங்கல், திருமணம், பிள்ளையின் பள்ளி விழா என்று பலதும் தவறும். இருவராகப் போகும் தம்பதிகள் இதில் நன்றாகச் செய்கிறார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் நின்று வழிகாட்ட, டீலர் யார்டில் நெருக்கமான இடத்தில் இறக்குவது பாதி சிரமமாகிவிடுகிறது.

எப்படித் தொடங்கலாம்? என் யோசனை இது. வண்டி வாங்காமலே இந்த உலகத்துக்குள் நுழைய வழி இருக்கிறது. எஞ்சினோடு வரும் மோட்டார் ஹோம்களையும் ஓட்டுநர்கள்தான் டீலரிடம் சேர்க்கிறார்கள். அதையே ஓட்டிக்கொண்டு போவதால் பிக்கப் வேண்டாம். திரும்பும் பஸ், விமானச் செலவை யார் தருவது என்று கம்பெனியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 26,000 பவுண்டுக்கு உட்பட்ட மோட்டார் ஹோமுக்கு சி.டி.எல். தேவையில்லை. ஒரு வசந்த காலம் அதைச் செய்தால் யார்டு, தாள், டீலர், லாக் புக், தனிமை எல்லாம் பழகிவிடும். இது உடம்புக்கும் மனதுக்கும் ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். பிறகும் ஆசை இருந்தால் டிரெய்லருக்கு வாருங்கள்.

அப்போது எந்த வண்டி? ஒரு டன் டீசல் பிக்கப்பில் ராம் 3500, ஃபோர்டு எஃப்-350, செவர்லே 3500 மூன்றையும் வைத்துச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள், மூன்றிலும் தோற்றவர்களும் இருக்கிறார்கள். பராமரிப்புத் தாள்கள் முழுதாக இருக்கும் பழைய வண்டி, உங்கள் ஊரில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த நேர்மையான மெக்கானிக், கைக்காசு கொடுத்து வாங்கும் விலை. இந்த மூன்றும் எந்தப் பிராண்டில் சேர்கின்றனவோ அதை எடுங்கள். ஒரு வருடம் லேசான பம்பர் புல் மட்டும் இழுங்கள். ஓட்டுநர்களைக் கேட்காமல் கம்பெனியில் சேராதீர்கள். பணம் எத்தனை நாளில் வருகிறது, கீறலுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், டீசல் ஏறினால் கூடுதல் தருகிறார்களா, சுங்கச்சாவடிக் காசு திரும்புமா என்று, அங்கே ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து விசாரியுங்கள். ஆள் சேர்க்கும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் இதையெல்லாம் தானாகச் சொல்ல மாட்டார்.

வருவதானால் பிப்ரவரி கடைசியில் வாருங்கள், நவம்பரில் வராதீர்கள். உங்கள் ஊர், உங்கள் வண்டியின் தகட்டு எடை, கையிருப்பு, கடன் நான்கையும் எழுதி அனுப்புங்கள். நான் மேலே போட்டது போல ஒரு டென்வர்க் கணக்கை உங்கள் எண்களைக் கொண்டு நீங்களே போட்டு, அதையும் சேர்த்து அனுப்புங்கள். உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன். அதுவரைக்கும் எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
இதே சாலையில் ஓடும் உங்களில் ஒருவன்